துண்டு போட்ட வினைச்சொற்கள்

போன இதழில், எஃப்.எம். வானொலியில் ஒரு பையன் தன் சிநேகிதிக்கு ஒரு குத்துப்பாட்டை 'டெடிகேட்' பண்ணியதைக் கிண்டல் செய்து நாலு வரி எழுதியிருந்தேன். கிண்டல் என் பக்கமே திரும்பிவிட்டது. "டெடிகேட் தப்பென்றால் எது சரி? அலாட்டா, டிவோட்டா, இயர்மார்க்கா?" என்று ஏகப்பட்ட கடிதங்கள். ஆகவே இந்த முறை முழுக்க அந்தக் குடும்பம்தான். ஒன்றை ஒரு காரியத்துக்கென்று தனியே எடுத்து வைக்க ஆங்கிலத்தில் உள்ள வினைச்சொற்கள். அரசியல், சினிமா கேள்விகள் அனுப்பியவர்கள் மன்னிக்கவும். அடுத்த இதழில் வருகிறேன்.

ஆசிரியை, திண்டுக்கல்: எடுத்து வைப்பது என்ற ஒரே வேலைக்கு ஆங்கிலத்துக்கு எதற்கு இத்தனை சொல்?

வேலை ஒன்றுதான். எடுத்து வைத்த ஆட்கள் வேறு வேறு. இயர்மார்க் ஆட்டிடையன் வீட்டுச் சொல். டெடிகேட் பூசாரியுடையது. அலாட், சீட்டுக் குலுக்கிப் போட்டவனுடையது. ஹைப்பாதிகேட், கடன் கொடுத்துவிட்டுத் தூக்கம் வராமல் புரண்டவனுடையது. ரிங்ஃபென்ஸ் பண்ணையாருடையது. பீஸ்பீக் தையல்காரருடையது. இப்படி ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து போட்டு ரொப்பியிருக்கிறார்கள்.

நமக்கு அந்தத் தொல்லையே இல்லை. 'ஒதுக்கு' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு ஊரையே சமாளிக்கிறோம். பள்ளிக் கட்டடத்துக்கு நிதி ஒதுக்குகிறோம். சாம்பாரில் கறிவேப்பிலையை ஒதுக்குகிறோம். ஒன்று மரியாதை, ஒன்று அவமரியாதை. இரண்டுக்கும் ஒரே வினை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஆங்கிலமும் இந்த விஷயத்தில் அவ்வளவு சுத்தம் இல்லை என்று போகப்போகத் தெரியும்.

கல்லூரி மாணவர், தேனி: 'இயர்மார்க்' என்றால் காதுக்குறி. காதுக்கும் காசுக்கும் என்ன சம்பந்தம்?

பொதுப் புல்வெளியில் பத்து வீட்டு ஆடு ஒன்றாக மேய்கிறது. சாயங்காலம் யார் ஆடு எது? கழுத்தில் கயிறு கட்டினால் அறுந்துபோகும். வர்ணம் அடித்தால் மழையில் கரையும். காதில் வெட்டினால்தான் ஆட்டோடு கடைசி வரை வரும். அதனால் இங்கிலாந்தில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் காது நுனியில் கத்தரித்தார்கள். வீட்டுக்கு ஒரு தினுசு. அங்கிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்கள் இதையும் கூடவே கொண்டுபோனார்கள். 17-ஆம் நூற்றாண்டு நியூ இங்கிலாந்து ஊர்களில், பிறப்பு இறப்பு எழுதுகிற ஊர் எழுத்தரே காதுக்குறிகளையும் பதிவேட்டில் எழுதி வைத்தார். வலது காது நுனி நேர்வெட்டு, இடது காதில் பிளவு, இன்னொருவருக்குத் தகைவிலான் வால் மாதிரி கவடு, வேறொருவருக்குக் காதோரத்தில் அரைக்காசு வடிவில் ஒரு கடி. அடுத்த வீட்டான் குறி மேல் நம் குறியை வெட்ட முடியாது. ஒருவகையில் அந்தக் காலத்து டிரேட்மார்க்.

சொல் காதிலிருந்து காசுக்குத் தாவியது ரொம்பப் பிந்தி, 19-ஆம் நூற்றாண்டில்தான். பொதுக் கஜானாவில் ஒன்றாக மேய்கிற பணத்தில், "இது பாலத்துக்கு, இது பள்ளிக்கூடத்துக்கு" என்று காதில் வெட்டி விடுகிறார்கள். உவமை கச்சிதம். ஒரே ஒரு ஓட்டை உண்டு. ஆடு தன் காதைத் தானே தைத்துக்கொள்ளாது. பணம் தைத்துக்கொள்ளும்.

நம் பக்கத்தில் கிடை போடுகிறவர்களைக் கேளுங்கள், காதைப் பார்த்தே ஆட்டைப் பிரித்துக் கொடுப்பார்கள். உவமை அவர்களுக்கும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நிதித்துறைப் பக்கம் அவர்களை யாரும் கூப்பிடவில்லை.

கோயில் எழுத்தர், கும்பகோணம்: ஆட்டையும் நிதி ஒதுக்கீட்டையும் சேர்த்துக் கட்டியது ஆங்கிலேயர்தானா? எங்கள் ஊர்க் கல்வெட்டுகளை நீங்கள் பார்த்ததில்லையா?

பார்த்தேன், தலை குனிந்தேன். சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டும் என்றால் பணத்தை உண்டியலில் போடவில்லை. 96 ஆடு கொடுத்தார்கள், சில இடங்களில் 90. இடையர் ஆடுகளை வாங்கிக்கொண்டு தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டில் வழங்கும் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. சாகாது, மூப்படையாது. கிழடு செத்தால் குட்டி அந்த இடத்துக்கு வந்துவிடும், கணக்கில் எண் மாறாது. வட்டி மட்டும் செலவு, முதல் அப்படியே என்று இன்றைக்குப் பல்கலைக்கழகங்கள் நன்கொடை நிதி நடத்துகிற முறையை ஆட்டை வைத்தே நடத்தியிருக்கிறார்கள். இயர்மார்க் என்ற சொல் ஆட்டை விட்டுவிட்டுக் குறியை மட்டும் எடுத்துக்கொண்டது. நாம் ஆட்டையே நிதியாக்கிவிட்டோம்.

ஓய்வுபெற்ற தாசில்தார், கரூர்: அமெரிக்கச் செய்திகளில் 'இயர்மார்க்' என்றால் ஏதோ கெட்ட வார்த்தை போலப் பேசுகிறார்களே?

அங்கே அதற்கு, எம்.பி. தன் தொகுதிக்கென்று பட்ஜெட்டில் செருகிக்கொள்கிற தனிச் செலவு என்று பொருள். புகழ்பெற்ற உதாரணம் அலாஸ்காவில் இருக்கிறது. கெட்சிகன் என்ற சிற்றூரிலிருந்து எதிரே உள்ள கிராவினா தீவுக்கு ஒரு பாலம். தீவில் ஒரு விமான நிலையமும் சுமார் 50 பேரும். 2005-இல் சாலைச் சட்டத்தில் அந்தப் பாலத்தின் பேரில் ஒதுக்கிய தொகை 22 கோடி டாலருக்கு மேல். 'எங்கும் போகாத பாலம்' என்று நாடே சிரித்தது. சிரிப்பு தாங்காமல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அந்தக் குறியை மட்டும் அழித்தது. பணம் அலாஸ்காவிடமே இருந்தது. காது போயிற்று, ஆடு தங்கியது. பாலம் கடைசிவரை வரவில்லை.

2011-இல் இந்தப் பழக்கத்தையே நிறுத்தி வைத்தார்கள். 2021-இல் திரும்பி வந்தது, பெயரை மாற்றிக்கொண்டு: கீழவையில் 'சமுதாயத் திட்ட நிதி', மேலவையில் 'காங்கிரஸ் வழிகாட்டிய செலவு' என்கிற மாதிரி. ஊரில் கெட்ட பேர் எடுத்தவன் பக்கத்து ஊரில் போய்ச் சாமியார் ஆவான் இல்லையா, அந்த வழி.

எஃப்.எம். நேயர், நாகர்கோவில்: சார், பாட்டை டெடிகேட் பண்ணினால் உங்களுக்கு என்ன வலிக்கிறது?

வலிக்கவில்லை, நேற்று நானே ஒன்று பண்ணினேன். ஆனால் சொல்லின் பூர்வீகத்தைக் கேளுங்கள். லத்தீனில் அது கோயில் வேலை. ஓர் இடத்தையோ பொருளையோ "இனிமேல் இது தெய்வத்துடையது" என்று ஊரறியச் சொல்லிக் கொடுத்துவிடுவது. அறிவிப்பதுதான் அதன் உயிர். வாய்விட்டுச் சொல்லாமல் டெடிகேட் பண்ண முடியாது. அந்தக் கணக்கில் பார்த்தால், மைக்கில் பெயர் சொல்லி, தெருப் பெயர் சொல்லி, "மற்றும் நண்பர்கள் அனைவருக்கும்" என்று முடிக்கிற எஃப்.எம். நேயர்தான் ரோமானியப் பூசாரிக்கு நேர் வாரிசு. போன இதழ்க் கிண்டலை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அவரே மீண்டும்: அப்படியானால் 'டெடிகேட்டட்' ஊழியர் என்றால் நேர்ந்து விட்டவரா?

மொழிபெயர்த்தால் அதேதான். இங்கேதான் வேடிக்கை. ஆங்கிலத்தில் நேர்ந்து விட்டவன் ராப்பகலாக உழைப்பான். தமிழில், "கோயிலுக்கு நேர்ந்து விட்ட மாடு மாதிரி" என்று வீட்டில் ஒருவனைச் சொன்னால், அவன் ஒரு வேலையும் செய்யாமல் வேளைக்குச் சாப்பிட்டுவிட்டுத் தெருவை அளக்கிறான் என்று பொருள். இன்டர்வியூவில் "ஐ ஆம் வெரி டெடிகேட்டட்" என்கிற பிள்ளையைப் பார்த்து அவன் பாட்டி தலையாட்டினால், எந்த அர்த்தத்தில் ஆட்டுகிறாள் என்று விசாரித்துக்கொள்ளவும்.

வரலாற்று மாணவி, திருச்சி: டெடிகேட், கான்சிக்ரேட், ஹாலோ மூன்றும் ஒன்றுதானா? அகராதி மூன்றையும் ஒரே வரியில் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்கிறது.

மூன்றையும் ஒரே வாக்கியத்தில் அடுக்கி வித்தியாசம் காட்டியவர் அகராதிக்காரர் இல்லை, ஆபிரகாம் லிங்கன். 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்கில் மூன்று நாள் போர். நவம்பர் 19-ஆம் தேதி, செத்த வீரர்களுக்கான கல்லறைத் தோட்டத்தை அர்ப்பணிக்கும் விழா. எட்வர்ட் எவரெட் என்ற பெரிய பேச்சாளர் இரண்டு மணி நேரம் முழங்கினார். பிறகு எழுந்த லிங்கன் இரண்டே நிமிடம் பேசினார், சுமார் 270 சொல். நிகழ்ச்சி நிரலில் அவருக்குக் கொடுத்திருந்த வேலையே 'அர்ப்பணிப்புச் சில சொற்கள்'. வந்தவர் அந்த வேலையைத் தன்னால் செய்ய முடியாது என்றார்! இந்த நிலத்தை நாம் டெடிகேட் செய்ய முடியாது, கான்சிக்ரேட் செய்ய முடியாது, ஹாலோ செய்ய முடியாது. இங்கே மாண்டவர்கள் அதை ஏற்கெனவே செய்துவிட்டார்கள் என்பது சாரம்.

அடுக்கைப் பாருங்கள். டெடிகேட் விழாச் சொல். ரிப்பன் வெட்டுகிறவர்கூடச் செய்யலாம். கான்சிக்ரேட் ஒரு படி மேலே. புனிதம் ஏற்றுவது, அதற்குக் குருமார் வேண்டும், நம் கும்பாபிஷேகம் மாதிரி. மூன்றாவது ஹாலோ மட்டும் லத்தீன் இல்லை, பழைய ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளை. குட்டையான, மண்வாசனையுள்ள சொல். முனிசிபாலிட்டியில் ஆரம்பித்து, கோயில் வழியாக, மண்ணில் வந்து நிற்கிறார். 'டெடிகேட்' மட்டும் அந்தக் குட்டிப் பேச்சில் ஆறு முறை வருகிறது. முதலில் நிலத்தை அர்ப்பணிக்கப் பேச்செடுத்தவர், முடிக்கும்போது கேட்டுக்கொண்டிருந்தவர்களையே அர்ப்பணித்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் இதை மனப்பாடம் பண்ண வைத்து எங்களைச் சாகடித்தார்கள். ஒரு வினைச்சொல் நகர்கிற கதை இது என்று யாராவது சொல்லியிருந்தால் விருப்பத்தோடே செத்திருப்போம்.

யோகா ஆசிரியர், கோவை: நான் வாழ்க்கையை யோகாவுக்கே 'டிவோட்' செய்துவிட்டேன் என்று விளம்பரத்தில் போடலாமா?

போடலாம். ஆனால் ரோமானியர் யாரும் படிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கி.மு. 340. வெசூவியஸ் மலைப் பக்கத்தில் லத்தீன்காரர்களோடு போர். ரோமானியத் தளபதி பப்லியஸ் டேசியஸ் மூஸின் படை பின்வாங்குகிறது. பூசாரியைக் கூப்பிடுகிறார். தலையில் முக்காடு, காலடியில் ஈட்டி, கை மோவாயில். பூசாரி சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்கிறார்: எதிரிப் படையையும் அதோடு என்னையும் பாதாளத் தெய்வங்களுக்குக் கொடுத்தேன். பிறகு குதிரையேறித் தனியாக எதிரிக் கூட்டத்துக்குள் பாய்ந்து செத்தார். ரோம் வென்றது. இந்தச் சடங்கின் பெயர் 'டெவோட்டியோ'. உங்கள் டிவோட் அதே வேர், நேர்த்திக்கடன் வேர். கி.மு. 295-இல் அவர் மகனும் இன்னொரு போரில் இதையே செய்தார். குலத்தொழில் ஆகிவிட்டது. போர் வெற்றிக்காகக் கொற்றவைக்குத் தன் தலையைத் தானே அரிந்து கொடுக்கும் நவகண்டச் சிற்பங்கள் நம் ஊர்களிலும் நிற்கின்றன. பார்த்தால் மொழிபெயர்ப்பே தேவைப்படாது.

அதனால்தான் முன்பெல்லாம் ஆங்கிலத்தில் டிவோட் என்றால் அழிவுக்கு விடுவது, சபிப்பது என்றும் ஓர் அர்த்தம் ஓடியது. லத்தீன் 'சாக்கெர்' என்ற சொல்லும் இதே கதை: புனிதமானது என்றும் பொருள், சபிக்கப்பட்டது என்றும் பொருள். தெய்வத்துக்கு என்று தள்ளி வைத்த பொருளும் தீட்டு என்று தள்ளி வைத்த பொருளும் வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். இரண்டையும் தொடக் கூடாது. முதல் பதிலில் சொன்ன கறிவேப்பிலை இங்கே வந்து சேர்கிறது.

போட்டித் தேர்வர், விழுப்புரம்: கதை போதும் சார். தேர்வில் என்ன எழுத வேண்டும், அதைச் சொல்லுங்கள்.

சரி, கோபித்துக்கொள்ளாதீர்கள். டிவோட், டெடிகேட் இரண்டுக்கும் பின்னால் 'டு' வரும். அதற்கப்புறம் வினை வந்தால் 'இங்' சேர்க்க வேண்டும். 'டெடிகேட்டட் டு சர்விங்' சரி, 'டு சர்வ்' சறுக்கல். இயர்மார்க், ரிசர்வ், செட் அசைட் மூன்றும் 'ஃபார்' கேட்கும். நேரம், உழைப்பு, வாழ்க்கை இவற்றுக்கு டிவோட். பணத்துக்கு இயர்மார்க். சீட்டுக்கு ரிசர்வ். பணத்தை டிவோட் செய்யலாமா? இலக்கணம் தடுக்காது, கேட்பவர்தான் உங்களைச் சாமியாரோ என்று பார்ப்பார். 'அலாட்டட்' என்று எழுதும்போது நடுவில் இரண்டு 'டி'. அரசாணைகளிலேயே ஒரு 'டி' விழுந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுமனைக்கு விண்ணப்பித்தவர், ஓசூர்: 'அலாட்'டும் 'அலோகேட்'டும் வேறா?

அலோகேட் என்றால் இடம் காட்டுவது. மேலே ஒருவர் உட்கார்ந்துகொண்டு, யோசித்து, "இது இங்கே, அது அங்கே" என்று பிரிப்பார். அலாட்டுக்குள் இருப்பது 'லாட்', அதாவது திருவுளச்சீட்டு. அங்கே யாரும் யோசிக்கவில்லை, சீட்டு விழுந்தது. உங்களுக்கு மனை குலுக்கலில் வந்தால் சொல் அதன் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டது என்று அர்த்தம். குலுக்காமலே சிலருக்கு மூலை மனை வந்தால் அதற்கு வேறு வினைச்சொல், அதை இங்கே அச்சிட முடியாது.

பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலை முறை இருக்கிறதே, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். வாரியத்தில் இடம் 'அலாட்' ஆனது என்றால் அதுதான் சுத்தமான அலாட். இன்னொன்று: 'எ லாட் ஆஃப்' என்று வாய்க்கு வாய் சொல்கிறோமே, அந்த லாட்டும் இதே சீட்டுத்தான். ஒரு பங்கு என்று ஆரம்பித்தது, 'ஏராளம்' ஆகிவிட்டது. பேராசை சொல்லுக்கும் உண்டு.

சட்ட மாணவர், மதுரை: 'அப்ரோப்ரியேட்' என்பதற்கு ஒரு பக்கத்தில் 'நிதி ஒதுக்கு', இன்னொரு பக்கத்தில் 'அபகரி'. எது உண்மை?

இரண்டும். லத்தீன் வேருக்கு 'தனதாக்கு' என்றுதான் பொருள். யாருக்குத் தனது என்பதில்தான் விவகாரம். ஒரு துறைக்கு உரியதாக்கினால் ஒதுக்கீடு, சொந்தப் பைக்கு உரியதாக்கினால் கையாடல். நம் அரசமைப்புச் சட்டத்தின் 114-ஆம் பிரிவு, அப்ரோப்ரியேஷன் சட்டம் இல்லாமல் நாட்டின் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு பைசா எடுக்கக் கூடாது என்கிறது, மாநிலங்களுக்கு 204. நம் சட்டசபையில் அது 'நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு'. ஆங்கிலேயன் மட்டும் பட்ஜெட்டுக்கும் கையாடலுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறான். அனுபவஸ்தன்.

ஆட்டோ ஓட்டுநர், சென்னை: என் ஆர்.சி. புக்கில் ஹைப்பாதிகேஷன் என்று இருக்கிறது. வண்டி என்னுடையதா, பேங்க்குடையதா?

வண்டி உங்களுடையது, உங்கள் கையில் ஓடுகிறது. ஆனால் அதன் காதில் பேங்க் ஒரு வெட்டு வெட்டியிருக்கிறது. நகை அடமானத்தில் நகை அவர்கள் பெட்டிக்குப் போகும். ஹைப்பாதிகேஷனில் பொருள் உங்களிடமே இருக்கும், பிடி மட்டும் அவர்களிடம். கிரேக்கத்தில் 'அடியில் வைப்பது' என்று பொருள். கடைசித் தவணை கட்டியதும் சும்மா இருந்துவிடாதீர்கள். என்.ஓ.சி.யும் படிவம் 35-உம் வாங்கி ஆர்.டி.ஓ. ஆபீசில் கொடுத்து அந்தப் பெயரை நீக்க வேண்டும். நான் கடன் கட்டி முடித்து மூன்று வருஷம் அசால்ட்டாக இருந்துவிட்டு, பழைய ஸ்கூட்டரை விற்கப் போனபோதுதான் அது இன்னும் ஒரு வங்கிக்கு 'நேர்ந்து விட்டதாக'வே இருப்பது தெரிந்தது. வாங்க வந்தவர் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இதே சொல் பிரிட்டனில் இன்னொரு வேலை பார்க்கிறது: இன்ன வரி இன்ன செலவுக்கு மட்டுமே என்று கட்டிவைப்பது. 1920-இல் சட்டம் போட்டு, வண்டிக்காரர்கள் கட்டும் வரி சாலைக்கே என்று ஒரு சாலை நிதி வைத்தார்கள். நல்ல ஏற்பாடு. நிதி சேர்ந்தது. சேர்ந்த இடத்தைச் சர்ச்சில் பார்த்துவிட்டார். அவர் அப்போது நிதியமைச்சர். 1926 முதல் அதில் கைவைத்துப் பொதுச் செலவுக்கு இழுத்தார். 1937-இல் அந்தக் கட்டே அவிழ்ந்தது. இன்றும் அங்கே காரோட்டி சைக்கிள்காரனைப் பார்த்து "நான் ரோடு டாக்ஸ் கட்டுகிறேன், நீ கட்டினாயா?" என்று கத்துகிறான். அப்படி ஒரு வரி செத்து எண்பது வருஷத்துக்கு மேலாகிறது என்று அவனிடம் யார் சொல்வது?

வங்கி ஊழியை, தூத்துக்குடி: ரிங்ஃபென்ஸ்?

பண்ணையைச் சுற்றி முழு வட்டமாகப் போடும் வேலி. இப்போது பணத்தைச் சுற்றிப் போடுகிறார்கள். 2008-இல் வங்கிகள் சூதாடித் தோற்றபின், பிரிட்டன் 2019 ஜனவரி 1 முதல் பெரிய வங்கிகளைச் சாமானியர் சேமிப்பு ஒரு பக்கம், முதலீட்டு ஆட்டம் மறுபக்கம் என்று சட்டப்படி பிரித்தது. இயர்மார்க்குக்கும் இதற்கும் வித்தியாசம் இவ்வளவுதான்: அது ஆடு யாருடையது என்று சொல்கிறது, இது ஓநாயை வெளியே நிறுத்தப் பார்க்கிறது. வேலியே பயிரை மேய்ந்தால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. அந்தப் பழமொழியை நாம்தான் வைத்திருக்கிறோம்.

பஸ் பயணி, அரியலூர்: ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதற்கு ஆங்கிலம் உண்டா?

உண்டு, ஆனால் கம்பீரம் போதாது. இங்கிலாந்துப் பள்ளிப் பிள்ளைகள் 'பேக்ஸி' என்று கத்துவார்கள், அமெரிக்காவில் 'டிப்ஸ்'. சிகாகோவில் பனி கொட்டினால், தெருவில் ஓரிடத்தைத் தோண்டிச் சுத்தம் செய்தவர் அங்கே ஒரு பழைய நாற்காலியைப் போட்டுவிட்டு வேலைக்குப் போவார். அவர் திரும்பும்வரை அந்த இடம் அவருடையது. அந்த ஏற்பாட்டுக்கும் பெயர் டிப்ஸ். ஸ்பெயின் கடற்கரையில் ஜெர்மானியர்கள் விடியுமுன் எழுந்து சாய்வு நாற்காலியில் டவல் போடுகிறார்கள் என்பது ஆங்கிலேயரின் ஓயாத புலம்பல். ஆக, உலகப் பொதுச் சட்டம் ஒன்று இருக்கிறது, அது பருத்தித் துணியில் எழுதியது.

ரிசர்வ் என்றால் 'பின்னால் பிடித்து வை' என்று பொருள். எல்லாருக்கும் கொடுக்குமுன் கொஞ்சம் நிறுத்தி வைப்பது. பேச்சை நிறுத்தி வைக்கிற ஆளையும் 'ரிசர்வ்ட் டைப்' என்கிறார்கள்; நம் ஊரில் அவருக்குப் பெயர் ஊமைக்கோட்டான். காட்டுக்கு 'ரிசர்வ்' என்பதை நம் வனத்துறைப் பலகைகள் 'காப்புக்காடு' என்று எழுதுகின்றன. ஒதுக்குக்காடு என்று எழுதாமல் விட்ட அந்தப் பெயர் தெரியாத மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு கும்பிடு.

தையல் கடைக்காரர், ஈரோடு: 'பீஸ்போக்' என்று போர்டு வைத்தால் கூலி கூட்டிக் கேட்கலாமாமே?

தாராளமாக. லண்டனில் சவில் ரோ தையல்காரர்கள் அதை வைத்துத்தான் வாழ்கிறார்கள். பீஸ்பீக் என்றால் முன்கூட்டிச் சொல்லிவைப்பது. பீரோவில் இருக்கும் அந்தத் துணியை ஒருவர் பேசிவிட்டார், இனி வேறு யாரும் கேட்கக் கூடாது. கல்யாணம் நிச்சயமான பெண்ணையும் ஆங்கிலத்தில் 'ஸ்போக்கன் ஃபார்' என்பார்கள். நம் வீடுகளில் "பெண்ணைப் பேசி முடிச்சாச்சு" என்கிறோம். துணியும் பெண்ணும் ஒரே வினைச்சொல்லில் மாட்டிக்கொண்டது ஈரோட்டிலும் லண்டனிலும் ஒன்றுபோல நடந்திருக்கிறது. பெண்ணைக் கேட்டார்களா என்பது இரண்டு ஊரிலும் பிற்பாடு வந்த கேள்வி.

வழக்கறிஞர் குமாஸ்தா, திருநெல்வேலி: 'செட் அசைட்' என்றால் எடுத்து வைப்பது என்கிறீர்கள். எங்கள் கோர்ட்டில் அது ரத்து!

நான் சொன்னேன் இல்லையா, ஆங்கிலமும் சுத்தம் இல்லை என்று. அம்மா பணத்தை செட் அசைட் பண்ணினால் பத்திரம். ஐகோர்ட் கீழ்க்கோர்ட் தீர்ப்பை செட் அசைட் பண்ணினால் தீர்ப்புக்குக் காரியம் முடிந்தது. ஐரோப்பாவில் மூன்றாவது அர்த்தமும் உண்டு. தானியம் மலைபோலக் குவிந்ததால், 1988 முதல் உழவர்களுக்கு நிலத்தைச் சும்மா போடக் காசு கொடுத்தார்கள், பிறகு பெரிய பண்ணைகளுக்குக் கட்டாயமும் ஆக்கினார்கள். திட்டத்தின் பெயரே 'செட்-அசைட்'. 2008-இல் கைவிட்டார்கள். காசு வாங்கிக்கொண்டு தரிசு போடும் பாக்கியம்! டெல்டாவில் தண்ணீர் வராமல் இலவசமாகவே தரிசு போடுகிற நம் ஆட்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இல்லத்தரசி, சிவகாசி: கடுகு டப்பாவில் பணம் வைப்பதற்கு என்ன வினைச்சொல்?

பேச்சில் 'புட் பை'. ஒளித்து வைத்தால் 'ஸ்டாஷ்'. கொஞ்சம் கொஞ்சமாகப் பதுக்கினால் 'ஸ்குரில் அவே', அணில் வேலை. ஆனால் உங்கள் டப்பாவுக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடைத்திருக்கிறது. பால்காரருக்கு ஒரு டப்பா, சீட்டுக்கு ஒரு டப்பா, தீபாவளிக்கு ஒரு டப்பா என்று வைப்பதற்குப் பொருளாதாரத்தில் 'மனக்கணக்கு' என்று பெயர் சூட்டியவர் ரிச்சர்ட் தேலர். 2017-இல் நோபல் வாங்கினார். ஒரு டப்பா ரூபாயும் இன்னொரு டப்பா ரூபாயும் ஒரே ரூபாய்தானே என்று பழைய பொருளாதாரம் கேட்டது. இல்லை, வீட்டில் அப்படி இல்லை என்று சமூகவியலாளர் விவியானா செலைசர் 1994-இல் ஒரு புத்தகமே எழுதினார், நூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்கக் குடும்பங்களின் ஜாடிகளையும் உறைகளையும் வைத்து.

எனக்கு இது பத்து வயதிலேயே தெரியும். தம்பிக்கு அம்மை போட்டிருந்தபோது அம்மா ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். நான் அதை எடுத்து ஒரு மணி நேரம் வாடகை சைக்கிள் ஓட்டினேன். வார முடிவில் பெரியப்பா கொடுத்த ஒரு ரூபாயை அதே துணியில் அதே மாதிரி முடிந்து அதே இடத்தில் வைத்துவிட்டேன். கணக்கு நேர். தம்பிக்கு உடம்பு தேறிக் கோயிலுக்குக் கிளம்பும்போது அம்மா முடிச்சைக் கையில் எடுத்தாள். காசைப் பார்க்கவே இல்லை. "இது நான் போட்ட முடிச்சு இல்லையே" என்றாள். முதுகில் விழுந்ததற்கு ஆங்கிலத்தில் என்ன வினைச்சொல் என்று வேறொரு இதழில் சொல்கிறேன்.

சபை உறுப்பினர், நாசரேத்: தசமபாகத்துக்கு வினைச்சொல் உண்டா?

'டைத்'. பெயரும் அதுவே, வினையும் அதுவே. 'பத்தில் ஒன்று' என்பதற்கான பழைய ஆங்கிலச் சொல். இந்தக் குடும்பத்தில் எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும் என்பதையும் தன் பெயரிலேயே சொல்லிவிடுகிற ஒரே கறார் ஆசாமி.

பழைய துணி வியாபாரி, சேலம்: 'மாத்பால்'?

அந்துருண்டை. அந்துருண்டை போட்டுப் பெட்டியில் வைத்ததுபோல் கப்பலையோ திட்டத்தையோ கிடப்பில் போடுவது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்கா தன் உபரிப் போர்க்கப்பல்களை இப்படித்தான் கட்டிப் போட்டது. 'பிறகு தேவைப்படும்' என்பார்கள். உங்கள் வியாபாரமே அந்த நம்பிக்கை பொய்க்கும்போதுதானே ஆரம்பிக்கிறது.

வாசகி, புதுச்சேரி: உங்கள் பகுதிக்கு ஆசிரியர் எத்தனை பக்கம் 'அலோகேட்' செய்திருக்கிறார்?

நான்கு. ஐந்தாவதற்கு நான் துண்டு போட்டு வைத்திருந்தேன். ஒரு பட்டுப்புடவை விளம்பரம் வந்து துண்டை எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டது.